எட்டாம் படுக்கை ஏன் சாப்பிடவில்லை

நர்ஸ் வேலை என்றால் ஊசி போடுவது என்று நாடே நம்புகிறது. முழுப் பொறுப்போடு திருத்துகிறேன்: ஊசிக்கு ஒரு நிமிடம் போதும். நோயாளி ஏன் "வேண்டாம்" என்கிறார் என்று மற்றவர்கள் தரும் விளக்கத்தைக் கேட்பதற்குத்தான் மிச்ச நேரமெல்லாம். செருப்புத் தேய வார்டு சுற்றும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

அட்டவணை

எங்கள் பெங்களூர் ஆஸ்பத்திரியில், நோயாளியின் வழக்கம் என்ன, எது ஆகாது என்று அவரிடமே கேட்டு எழுதும் முறையைத் தொடங்கியவள் நான். சாதாரண நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம். நிர்வாகம் எனக்குச் சால்வை போட்டது. நோட்டைப் பிடுங்கி அட்டவணை ஆக்கியது. முஸ்லிம் என்றால் ஹலால், ஜெயின் என்றால் வெங்காயம் கூடாது, கிறிஸ்தவர் என்றால் ஒன்றுமில்லை. டிக் போட்டால் முடிந்தது. யாரும் எதையும் கேட்க வேண்டாமா என்றேன். சூப்பர்வைசர் மேடம் சொன்னார்: "நீங்கதானே சிஸ்டர் முன்னோடி. உங்க வேலையைத்தான் சுலபமாக்கியிருக்கோம்."

ஒத்துழைப்பு

விடுப்பு முடிந்து வந்தபோது, எட்டாம் படுக்கையில் சிவாஜிநகர் ஷமீம் அம்மா. இடுப்பு எலும்பு ஆபரேஷன். இரண்டு நாளாகத் தட்டு அப்படியே திரும்புகிறது. கேட்டால் "நக்கோ", அதாவது வேண்டாம், என்று தலையாட்டல். ஹலால் சூப் வரவழைத்தார்கள்; அதுவும் திரும்பியது. கேஸ் ஷீட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டார்கள். மாலைக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் என்று டாக்டர் உத்தரவு. குழாய் தலைமாட்டில் காத்திருந்தது. கேள்வியே கேட்காதவரோடு ஒருவர் எப்படி ஒத்துழைப்பது? சூப்பர்வைசரிடமே கேட்டேன். "டிக் போட்டாச்சு, ஹலால் கொடுத்தாச்சு. கல்ச்சருக்கு இதுக்கு மேல என்ன செய்யறது?"

மேஜை

பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பாட்டுல என்னம்மா குறை?" என்றேன். ஷமீம் அம்மா கட்டிலுக்குக் குறுக்கே நின்ற சக்கர மேஜையைக் காட்டினார். காலையில் மலஜலம் எடுக்கும் பெட்பேனை வைப்பதும் அதில்தான்; துடைக்காமல் தட்டை வைப்பதும் அதில்தான். பணிப்பெண்ணைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் வாயைத் திறக்கவில்லையாம். இது எந்த மதத்தின் வழக்கம் என்று அட்டவணையில் தேடினேன்; இல்லை. அவர் மெல்லச் சொன்னார்: "சோறு ஹலால்தாம்மா. இந்த மேஜையில உங்க மேடம் சாப்பிடுவாங்களா?"

சூப்பர்வைசர் தம் அறையில் டிபன் பாக்ஸ் திறக்கும் சின்ன மேஜையைத் தூக்கி வந்தேன். ஷமீம் அம்மா முக்கால் தட்டு சாப்பிட்டார். குழாய் பிரிக்கப்படாமலே ஸ்டோருக்குப் போனது.

மறுநாள், அலுவலக மேஜையை அனுமதியின்றி வார்டுக்குக் கொண்டுபோனதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது.