காய்ச்சலா, பஞ்சியா

அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளையிடம் தாய்மார் என்னென்னவோ கேட்பார்கள். கம்பளி கேட்பார்கள், நல்ல கத்தரிக்கோல் கேட்பார்கள், ஒன்றும் வேண்டாம் நீ சுகமாய்த் திரும்பி வந்தால் போதும் என்று கண்ணைக் கசக்குவார்கள். என் அம்மா புறப்படுவதற்கு முதல்நாள்வரை ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் கிணற்றடியில், ஐயாவின் காதுக்கு எட்டாத தூரத்தில் வைத்து மெல்லச் சொன்னார்.

"அங்கை போனால் கொக்காவின்ரை படத்தை ஒருக்காப் போய்ப் பார்."

"பாக்கிறன் அம்மா."

"வடிவைப் பாக்கச் சொல்லேல்லை. கண்ணைப் பார். காய்ச்சல் கண்ணோ பஞ்சிக் கண்ணோ எண்டு பார்த்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் கொக்கா என்றால் உன் அக்கா, பஞ்சி என்றால் சோம்பல். அந்த ஒரு கேள்வியை அம்மா எத்தனையோ வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதை என் தலையில் கட்டுவார் என்றுதான் நினைக்கவில்லை.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், நீர்வேலியில். சுற்றிவர வாழைத்தோட்டம். ஐயா உரும்பிராயில் மிசன் பள்ளிக்கூட வாத்தியார். உத்தியோகத்துக்காக வேதக்காரரானவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேதக்காரராக இருந்தவர். அம்மா ஏழு நாளும் திருநீறு பூசினார். அதில் அவர்கள் இருவருக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. சண்டை வந்தது படத்தால். அதுவும் ஒருவரும் வாயே திறக்காத சண்டை.

எனக்கு ஏழெட்டு வயதாக இருந்தபோது மிசன் பங்களாவுக்கு ஓர் அமெரிக்கப் பெண்மணி விருந்தாளியாக வந்தார். கலியாணம் கட்டாதவர், வயது போனவர். ஒரு முக்காலியையும் குடையையும் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கத் திரிந்து பனை, துலா, மாட்டுவண்டி என்று கண்டதையெல்லாம் படமாகக் கீறினார். ஊரில் எல்லோருக்கும் அவர் மிசியம்மா. ஒருநாள் ஐயாவைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தவர் அக்காவைக் கண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா அப்போது கலியாணம் பேசுகிற பருவத்தில் இருந்தாள். மிசியம்மா அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்தப் பிள்ளையை வைத்து ஒரு படம் கீற வேண்டும் என்று ஐயாவிடம் கேட்டார்.

ஐயா உடனே தலையாட்டிவிட்டார். அம்மாதான் சட்டம் போட்டார். படம் எங்கள் வளவுக்குள்தான் கீற வேண்டும், தான் பக்கத்தில் இருப்பேன், பொட்டில்லாமல் கீறக் கூடாது. மிசியம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றார். அம்மா தன் அட்டியலை எடுத்து அக்காவின் கழுத்தில் கட்டிவிட்டார். பின்னேரங்களில் வாழை நிழலில் கதிரை போட்டு அக்கா இருப்பாள். கொஞ்சம் தள்ளிப் பாயில் அம்மா இருப்பார். தலையை இப்படி வைத்துக்கொள், கையை எடுக்காதே என்று மிசியம்மா ஒருமுறை சரிப்படுத்திவிட்டால் பிறகு யாரும் அக்காவுக்குக் கிட்டப் போகக் கூடாது. ஒரு மயிர் கலைந்தாலும் மிசியம்மாவுக்குக் கோபம் வரும்.

அக்காவைப் போல ஒரு பஞ்சிக்காரியை நான் பிறகு கண்டதில்லை. முற்றம் கூட்டச் சொன்னால் கால் உளையும், அம்மியில் இருக்கச் சொன்னால் வயிறு வலிக்கும். ஆடாமல் அசையாமல் இருப்பது அவளுக்குத் தண்டனை. முதல்நாளே முதுகு நோகுது என்றாள், இரண்டாம் நாள் கால் விறைக்குது என்றாள். அம்மா ஒவ்வொரு முறையும் கண்ணை உருட்டி அடக்கினார்.

கடைசிப் பின்னேரம் அக்கா சொன்னாள்: "அம்மா, எனக்கு ஏலாமல் கிடக்கு. தலை இடிக்குது."

"பஞ்சிப்படாதை. மிசியம்மா நாளைக்குப் போறா. கொஞ்ச நேரம் பொறு."

அக்கா பொறுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பொழுது சாயப் படம் முடிந்தது. மிசியம்மா அக்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அன்றிரவு அக்கா பாயிலிருந்து எழும்பவில்லை. நெருப்புக்காய்ச்சல், டைபாயிட் என்றார் டாக்குத்தர். அடுத்த மாதம் அவள் எங்களுக்கு இல்லை.

ஐயா அம்மாவை ஒரு சொல் பேசவில்லை. ஊரில் உள்ளவர்கள் விதி என்றார்கள், தண்ணீர் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் கதை எடுபட்டால் எழும்பி வாழைக்குள் போய்விடுவார். அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்த மௌனம் முழுவதும் தன்னைக் குற்றம் சொல்வதாகவே எடுத்துக்கொண்டார். அக்கா சொன்னது வழக்கமான சாட்டு என்றால், காய்ச்சல் இரவில்தான் வந்தது, அதற்கு யாரும் பொறுப்பில்லை. உண்மையாகவே சொன்னாள் என்றால், காய்ச்சற்காரப் பிள்ளையை அதட்டிக் கதிரையில் இருத்தி வைத்த தாய் தான். இந்த இரண்டுக்கும் நடுவில் அம்மா கிடந்து உழன்றார்.

மிசியம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. வருஷா வருஷம் நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பி, உங்கள் அழகான மகள் சுகமா என்று கேட்பார். எல்லோரும் சுகம் என்று ஐயா பதில் எழுதுவார். அந்தப் பதிலை ஐயா ஏன் அப்படி எழுதினார் என்று அந்த நாளில் நான் யோசிக்கவில்லை. படம் தன் ஊர் நூதனசாலையில் தொங்குகிறது என்று மிசியம்மா எழுதியிருந்தார். என் படிப்புச் செலவும் அவருடையதுதான். அதனால்தான் நான் விடுதியில் தங்கிப் படித்தேன், ஆசிரியையானேன், பிறகு அதே விடுதிக்குப் பொறுப்பாகவும் ஆனேன். அங்கிருந்துதான் மிசன் என்னை ஒரு வருஷப் பயிற்சிக்கு அமெரிக்கா அனுப்பியது. அதற்குள் மிசியம்மா காலமாகிவிட்டார்.

அம்மா அந்தக் கேள்வியை என்னிடம் தந்ததற்கும் விடுதிதான் காரணம். கணக்குப் பரீட்சை உள்ள காலையில் விடுதியில் பாதிப் பிள்ளைகளுக்குச் சுகமிருக்காது. வரிசையாகக் கட்டிலில் கிடப்பார்கள். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பஞ்சி என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அது பெரிய வித்தையில்லை. பஞ்சிக் கண், நாங்கள் நம்பிவிட்டோமா என்று எங்களைப் பார்க்கும். காய்ச்சல் கண்ணுக்கு நாங்கள் நம்பினாலும் ஒன்றுதான் நம்பாவிட்டாலும் ஒன்றுதான்.

மிசியம்மாவின் ஊர் நான் படித்த இடத்திலிருந்து ரயிலில் அரைநாள் தூரம். சின்ன நகரம். நூல் ஆலை வைத்துப் பணம் சேர்த்த ஒருவர் முந்தைய தலைமுறையில் கட்டி ஊருக்குக் கொடுத்த நூதனசாலை அது. சித்திரங்களுக்கென்றே இவ்வளவு பெரிய கட்டடமா என்று வாசலில் நின்று வாயைப் பிளந்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாரும் போகலாம், காசில்லை. பித்தளைப் பொத்தான் வைத்த காவற்காரர் என் குடையை வாங்கிக்கொண்டு இலக்கம் போட்ட வில்லை ஒன்றைத் தந்தார். யாழ்ப்பாணத்து ஆளிடமிருந்து குடையைப் பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வில்லையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் உள்ளே போனேன். கீழ் மண்டபம் முழுக்க உடுப்பில்லாத வெள்ளைச் சிலைகள். நல்லவேளை அம்மா வரவில்லை என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி மாடிக்கு ஏறினேன்.

அக்கா மாடியில், சன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தாள்.

பொன் சட்டத்துக்குள் இருந்தாலும் வாழையிலைதான் எனக்கு முதலில் தெரிந்தது. அதன்பிறகு அம்மாவின் அட்டியல். படத்தின் கீழே தகட்டில் கீழைத்தேயக் கனவு என்று எழுதியிருந்தது. அக்காவின் பெயர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாழைமரத்துக்குக்கூட எங்கள் ஊரில் பெயர் உண்டு.

கோயிலில் நிற்கிற பழக்கம் என்னை விடவில்லை. சந்நிதிக்கு நேரே மறைத்துக்கொண்டு நிற்காமல் ஒதுங்கி நிற்போமே, அப்படியே படத்துக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் சன்னல் வெளிச்சம் எண்ணெய் வர்ணத்தில் பட்டுக் கண் இருக்க வேண்டிய இடம் வெறும் பளபளப்பாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அது எனக்கு வசதியாக இருந்தது. கண் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடலாமே என்றுகூட நினைத்தேன்.

அப்போது ஓர் அம்மையார் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். படங்களை விளக்கிச் சொல்வது அவருடைய வேலை. நான் ஒதுங்கி நிற்பதைக் கண்டு, கூச்சப்படாமல் நடுவில் வாருங்கள் என்று என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அன்பாகத்தான் செய்தார்.

"இந்தக் கண்களைப் பாருங்கள்" என்றார் எல்லோரிடமும். "இவை உங்களிடம் எதையும் கேட்கவில்லை. உங்களைப் பார்க்கின்றன, ஆனால் நீங்கள் இருப்பதும் இல்லாததும் இவற்றுக்கு ஒன்றுதான். கிழக்கின் அமைதி என்பது இதுதான்."

நான் பார்த்தேன். மிசியம்மா திறமைசாலி, அதை மறுக்க முடியாது. கண்டதைக் கண்டபடி கீறியிருந்தார். கன்னத்தில் ஏறியிருந்த சிவப்பு, உலர்ந்த உதட்டின் ஓரம், பாதி இறங்கிய இமை, அதற்குக் கீழே நீர் கோத்து மினுங்குகிற கண். என் விடுதிக் கட்டிலில் இந்தக் கண்ணோடு ஒரு பிள்ளை கிடந்தால் அப்போதே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். மிசியம்மா அதை அழகு என்று நினைத்திருக்கிறார்.

"இவளுக்குக் காய்ச்சல்" என்றேன்.

அம்மையார் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்! ஆமாம், ஒருவகைக் காய்ச்சல்தான்" என்றார். அவரோடு வந்தவர்களும் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் எனக்கு அவர்கள் எல்லோரையும் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. வில்லையைக் கொடுத்துக் குடையை வாங்கிக்கொண்டு படியில் வந்து நின்று அழுதேன்.

திரும்பி வருகிற கப்பல் முழுக்க என்ன பதில் சொல்வது என்பதே யோசனை. பஞ்சிதான் அம்மா என்று சொன்னால் அம்மா ஆறிவிடுவார். ஆனால் நான் பொய் சொன்னால் என் முகத்திலேயே அம்மா கண்டுபிடித்துவிடுவார். கொழும்பில் இறங்கும்வரைக்கும் முடிவு வரவில்லை, யாழ்ப்பாண ரயிலிலும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் அம்மா கேட்கவேயில்லை. பிட்டும் மீன்குழம்பும் வைத்துத் தந்தார், என் இளைப்பைப் பற்றிப் புலம்பினார். பிறகு ஒரு பின்னேரம், ஐயா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருக்கும்போதே, அவருக்கு முன்னால் வைத்துக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு முன்னால் அக்காவின் பேச்சை அம்மா எடுத்தது அதுதான் முதல் தடவை.

"படத்தைப் பார்த்தனியோ?"

"பார்த்தனான் அம்மா."

"கண்?"

ஐயா எழும்பி வாழைக்குள் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழும்பவில்லை. பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"பிள்ளையைக் கேளாதையும். காய்ச்சல்தான்."

அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"படம் முடிஞ்ச அண்டைக்குக் காலமை பள்ளிக்கூடம் போகேக்கை அவளின்ரை நெத்தியிலை கை வைச்சனான். சுட்டது."

ஐயா முற்றத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "படம் முடிஞ்சால் சின்னவளைப் படிப்பிக்கிறன் எண்டு மிசியம்மா சொல்லியிருந்தவ. அடுத்த நாள் அவ போயிடுவா. பின்னேரம் வரைக்கும் தாங்குவாள் எண்டு நினைச்சன். உமக்கும் சொல்லேல்லை."

சின்னவள் நான்தான். நான் படித்த இங்கிலீசும், ஏறிய கப்பலும், விறாந்தை மூலையில் இன்னும் அவிழ்க்காமல் கிடந்த என் தகரப் பெட்டியும் எங்கிருந்து வந்தன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. ஐயாவின் மௌனம் அம்மாவைக் குற்றம் சொன்ன மௌனம் இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அம்மா குழறுவார், பொறிந்து தள்ளுவார், இத்தனை வருஷம் என்னைச் சாகடித்தீர்களே என்று கேட்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயாவும் அதற்குத்தான் தலை குனிந்திருந்தார். அம்மா குரலை உயர்த்தவேயில்லை.

"நல்லாச் சுட்டதோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"உங்கடை கையாவது அவளிலை பட்டிருக்கு" என்றார் அம்மா. "நான் எட்டினால் தொடுற தூரத்திலைதான் இருந்தனான். தலைமயிர் கலைஞ்சால் மிசியம்மா கோவிப்பா எண்டு கிட்டப் போகேல்லை. ஒருக்காக்கூடத் தொட்டுப் பாக்கேல்லை."