ரோட்டுப் பக்கம் வந்தவள்

குள்ளி... காலையில் உன் மகள் போன் பண்ணினாள். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்ததும் கிளம்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் குள்ளி என்று கூப்பிடுவது சரோஜாவை. முள்ளிப்பட்டில் எங்கள் பக்கத்து வீடு. எண்பதுகளில் நாங்கள் இரண்டு பேரும் தினமும் சைக்கிளில்தான் ஆரணி ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போனோம்.

அப்போது அந்த ரோடு ஒரு பஸ் போகிற அகலம்தான். பின்னால் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர்கள் மண்ணில் இறங்கிவிட வேண்டும். தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம்... அதில்தான் ஒருநாள் சக்கரம் சறுக்கி விழுந்தேன். கை உடைந்தது.

என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். "போதும். இனிமே வூட்லயே நூலு சுத்திகினு இரு. சைக்கிளும் வேணா, மில்லும் வேணா."

நாலு பேரோடு பேசிச் சிரிக்க எனக்கு இருந்தது அந்த மில் ஒன்றுதான். கட்டுப் போட்ட கையோடு அழுதுகொண்டிருந்தேன்.

குள்ளி வந்தாள். நேராக அவரிடம் போனாள்.

"அண்ணா, அவ மண்ணு பக்கம் வரட்டும். ரோட்டு பக்கம் நான் வரேன்."

"நீ இருக்கற ஒசரத்துக்கு டிரைவர் கண்ணுக்கே தெரிய மாட்டியே."

"என் வாய் கேக்கும்ணா."

அவர் சிரித்துவிட்டார். கை கூடியதும் என்னை அனுப்பினார்.

அதோடு விடவில்லை அவள். மில்லில் கொட்டிக் கிடக்கும் உமிச் சாம்பலைக் கூடையில் அள்ளி, கேரியரில் கட்டி எடுத்து வருவாள். ஏரி மண்ணோடு கலந்து, நான் விழுந்த பள்ளத்தில் கொட்டி இரண்டு பேரும் மிதிப்போம்.

"இன்னாம்மா, ரோடு கான்ட்ராக்ட் எடுத்துட்டியா?" என்பார் மில் மேஸ்திரி.

"ஆமாங்க. டெண்டருக்கு நீங்க வரலையே, அதான் எனக்கு கெடச்சிது."

மழை வந்தால் எல்லாம் கரைந்துவிடும். மறுபடி கொட்டுவோம்... "பஸ்ஸுக்கு ரோடு போடறாங்களே, நமக்குன்னு ஒரு முழம் ஓரம் விட்டா இன்னா கொறஞ்சிடும்?" கேட்டுக்கொண்டேதான் மிதிப்பாள்.

ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டுதா?" என்று கத்தினான். "உங்க அப்பன் வூட்டுதும் இல்லண்ணா. இன்னாத்துக்கு இவ்ளோ ஜல்தி, மெதுவா போ" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த பஸ் மெதுவாகத்தான் போனது.

நாங்கள் மில்லை விட்டு நின்ற வரைக்கும் நான் மண் பக்கம். அவள் ரோட்டுப் பக்கம்.

இப்போது ரோடு பெரிசாகிவிட்டது. அந்த ஒரு முழம் மட்டும் இன்னும் வரவில்லை.

போன பொங்கலுக்கு ஆரணியில் அவள் மகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முட்டி வலி, கையில் கோல். வேண்டாம் என்று சொல்லியும் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். பின்னால் லாரி ஹாரன் கேட்டது... நின்றாள். கோலை மாற்றிப் பிடித்து, என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, ரோட்டுப் பக்கம் வந்து நடந்தாள்.

குள்ளி, மாலை வாங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கிறேன். இனி உன் மகள் வீட்டுக்கு நடந்துதான் வர வேண்டும்.

ரோட்டு பக்கம் யாருடி வருவாங்க?