லாரி போன பிறகு பள்ளு

பள்ளு இலக்கியத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள் நான். சில நூறு ஆண்டுகளுக்கு முன் வயலில் உழைத்தவர்களைப் பற்றிய அந்தப் பாட்டுகளை, இங்கே மலைமேல் காய்கறித் தோட்டங்களில் உழைப்பவர்களுக்கு நடத்தியே தீருவது என்று எனக்கு ஒரு வெறி. எங்கள் ஊரான கம்போங் ராஜாவின் கோவில் மண்டபத்தில் வெள்ளிதோறும் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு என்று அறிவித்து, நாற்காலிகளும் போட்டு வைத்தேன். ஈ காக்கைகூட வரவில்லை.

கோவில் தலைவர் எட்டிப் பார்த்தார். "ஆளே காணோமே டீச்சர். அடுத்த வாரமும் இப்படின்னா ஹாலை சும்பா டான்ஸ் கிளாஸுக்குக் குடுத்துடுவோம் லா."

சும்பாவா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி கட்டும் கொட்டகைக்குப் போனேன். அங்கே லாரி வந்து நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. நான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். எங்களுக்கு ஐந்து மணி என்றால் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, குளித்து, கால் நீட்டும் நேரம். காய்கறிக்காரர்களுக்கு அது லாரி ஏற்றும் நேரம். அப்போது சாமியே கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

பெண்கள் முட்டைக்கோசைப் பழைய நாளிதழில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கோசைச் சுற்றியபடியே பள்ளுக் கதையை ஆரம்பித்தேன். பள்ளனுடைய இரண்டு மனைவிகளும் போடும் சண்டைக்குக் கொட்டகையே சிரித்தது. கதைக்குள் தொந்தியைத் தூக்கிக்கொண்டு பண்ணை மேற்பார்வைக்காரன் வந்ததும், "ஐயோ, நம்ம கங்காணியேதான்!" என்றாள் ஒருத்தி. அவன் பள்ளனின் காலைக் கட்டையில் மாட்டிப் பூட்டினான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்புறம்?"

நான் எழுந்து சேலையை உதறினேன். "மீதி வெள்ளிக்கிழமை, ஹால்ல. லாரி போனப்புறம் வாங்க."

"டீச்சர், இது அநியாயம் லா!"

அநியாயம்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வெள்ளியன்று மழை. லாரி கிளம்பத் தாமதம். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சும்பா ஆசிரியை ஒலிபெருக்கியோடு வாசலிலேயே நின்றாள். நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. அசைந்தால் மண்டபம் போய்விடும் என்று பயமாக இருந்தது.

ஒருவழியாக வாசலில் சேற்றுப் பூட்ஸ்கள் கழன்று விழும் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு கொட்டகையே வந்து நின்றது.

"டீச்சர், அவன வெளிய விட்டாங்களா இல்லியா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. "உட்காருங்க" என்றேன். பள்ளன் கட்டையிலிருந்து விடுபடும் இடத்துக்குப் போக இன்னும் பல பாட்டுகள் இருந்தன. நான் முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.