தானாகத் திறந்த மூடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சிம்மக்கல் கடைத்தெருவில் மூட்டை தூக்கினேன். பேரையூர்ப் பக்கம், ஆடுகூட மேயாது என்று ஊரே சிரித்த கரட்டு நிலத்தில் கிணறு வெட்டினேன், கொட்டகை போட்டேன், ஒற்றைப் பசுவை இருபத்திரண்டாக்கினேன். ஒருத்தர்கூடக் கைகொடுக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி அடைமழை. கன்று போட்டுப் பத்து நாளான செவலைப் பசுவுக்கு மடி வீங்கியது. என் முதல் பசுவின் வழியில் மிஞ்சியது அது ஒன்றுதான். மடிவீக்கத்துக்கெல்லாம் நான் டாக்டரைத் தேடுவதில்லை. கடையில் மருந்து வாங்கி, ஒரு பிளாஸ்டிக் குழாயால் காம்புக்குள் நானே ஏற்றிவிடுவேன். பிறகு குழாயை வாளித் தண்ணீரில் அலசி, கூரைக் கீற்றில் செருகிவிடுவேன்.

இந்த முறை மருந்து ஏற ஏற வீக்கமும் ஏறியது. ஒரு காம்பிலிருந்து அடுத்ததுக்குப் போனது. பசு கன்றை அண்டவிடவில்லை. தீவனத்தை முகராமல், என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அங்கேயே பார்த்தது. இரண்டு தடவை நானும் திரும்பிப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், டாக்டரிடம் காட்ட அந்தப் பாலைக் காலி மருந்து பாட்டிலில் பீய்ச்சி, ரப்பர் மூடியை அழுத்தி ஜன்னலில் வைத்தேன். மழையில் பஸ் இல்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது 'டப்' என்றது. மூடி தரையில் உருண்டது. பாட்டிலிலிருந்து நுரை வழிந்துகொண்டே இருந்தது.

"உசுரு இருக்க மாதிரில்ல பொங்குது. யாரோ செய்வினை வச்சுட்டாகங்க" என்றாள் என் மனைவி.

"சும்மா இரு. புளிச்ச மாவு வாடை அடிக்குது பாரு" என்றேன். ஆனாலும் மூடியைக் கையால் தொடாமல் காலால்தான் ஒதுக்கினேன்.

மழை விட்டு பஸ் ஓடியதும், பாட்டிலோடு, என் வைத்தியத்தைக் காட்ட அந்தக் குழாயையும் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டரம்மா ஒரு சொட்டுப் பாலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். குட்டி குட்டி முட்டைகள். சில முட்டைகளின் தோளில் இன்னொரு முட்டை முளைத்திருந்தது. எதுவும் அசையவில்லை. ஆனால் நான் பார்ப்பது அவற்றுக்குத் தெரியும்போல் இருந்தது.

"இது ஈஸ்ட்டுங்கய்யா. மாவைப் பொங்க வைக்குதே, அந்த வகை. வெளிய எங்கயும் சும்மா கிடக்கும், ஒண்ணும் செய்யாது. மடிக்குள்ள போனாத்தான் வம்பு. யாரு மருந்து ஏத்துனது?"

"நான்தான். பதினஞ்சு வருசமா என் பண்ணைக்கு நான்தான் டாக்டரு."

அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெள்ளையாக ஆடை படிந்திருந்தது.

"அப்ப டாக்டரே, இதை உள்ள அனுப்பினதும் நீங்கதான். மத்த கிருமியக் கொன்னு இதுக்கு இடம் போட்டுக் கொடுத்தது உங்க மருந்து."

"மனுசருக்கும் வருமா?"

"அபூர்வமா வரும். உடம்பு ஓஞ்சு கிடக்கவங்களுக்கு, இப்படி ஏதாச்சும் குழாய் வழியா."

மருந்தை நிறுத்தினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மடியைக் கறந்து கொட்டினேன். மூன்றாம் வாரம் செவலை என்னை, என்னை மட்டும், நேராகப் பார்த்தது. ஒரு காம்பு வற்றியேவிட்டது. மற்ற மூன்றில் கன்று குடித்தது.

இப்போது டாக்டரம்மா ஊர் ஊராக முகாமில் இந்தக் கதையைச் சொல்கிறார். 'ஒரு விவசாயி' என்கிறார், அவ்வளவுதான். அது போதாது. மாவு வாடை என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். கீற்றில் செருகிய குழாயால் அதைக் குடியேற்றியவனும் நான். வற்றிய அந்தக் காம்பைத் தொடும்போதெல்லாம் எனக்குத் தெரிகிறது: சொல்வதானால் இரண்டையும் என் கணக்கிலேயே சொல்ல வேண்டும்.