மைனியின் கிடாயை நான் ஏலம் எடுத்த கதை

"ரெண்டோசாரி" என்று சொல்லி, செகரட்டரி சார் மரச்சுத்தியலை மேசைக்கு மேலே தூக்கி நிறுத்தினாரே, அந்த நொடி இன்னும் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. ஓசூரில் எங்கள் ஆலயத்தின் அறுப்பின் பண்டிகை ஏலம். சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் கோழி, பூசணி, கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்த கையோடு முற்றத்தில் பரப்பி ஏலம் போடுவார்கள். சபையில் பாதிப் பேர் தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். மீதிப் பேர் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற உள்ளூர்க்காரர்கள். யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று செகரட்டரி சார் முதல் தரத்தைத் தமிழிலும், இரண்டாவதைத் தெலுங்கிலும், மூன்றாவதைக் கன்னடத்திலும் சொல்லுவார். ஒருதரம், ரெண்டோசாரி, மூரனே சாரி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள் நான் என் மைனிக்கு ஒரு துரோகம் செய்தேன்.

மைனி என் அண்ணன் மனைவி. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். வேலை தேடி ஓசூருக்கு வந்த அண்ணன், ஜவளகிரியைத் தாண்டி ஒரு காட்டோரக் கிராமத்திலிருந்து தெலுங்கு பேசுகிற மைனியைக் கட்டிக்கொண்டான். பிறகு என்னையும் என் வீட்டுக்காரரையும் இங்கே கூப்பிட்டுக்கொண்டான். மைனிக்கு ரோஜாத் தோட்டத்தில் பூக்களைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுகிற வேலை. நான் ஸ்விட்ச் பூட்டுகிற கம்பெனியில் லைன் லீடர். மணிக்கொரு தடவை போர்டில் எழுதுகிற எண்ணிக்கையில் பக்கத்து லைன் எங்களை முந்திவிட்டால் எனக்கு மத்தியானம் சோறு இறங்காது. ஏலத்துக்கும் நான் அதே புத்தியோடுதான் போவேன். கை பரபரக்கும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோகும். வருஷத்தில் கிறிஸ்மஸைவிட அந்த நாளுக்குத்தான் நான் அதிகமாகக் காத்திருப்பேன் என்று சொன்னால் ஐயர் கோபித்துக்கொள்வார். எங்களில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

அதற்கு முந்தின வருஷம் அஞ்செட்டிக்காரர் ஒருவர் மலைத்தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். நான் ஆசை ஆசையாய்க் கேட்டேன். மைனி என்னைவிடக் கூட்டிக் கேட்டு எடுத்துவிட்டாள். மறுநாளே பாதித் தேனை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி எனக்குக் கொடுத்தனுப்பினாள். சண்டை போட்டிருந்தால்கூட மறந்திருப்பேன். கொடுத்தனுப்பினாள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. தேன் தீர்ந்து பல மாதமான பிறகும் அந்தக் காலி பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

கிடாயின் கதை இது. அண்ணன் வெகு காலம் கான்ட்ராக்டில் கிடந்து உழன்றான். அவனுக்கு வேலை நிரந்தரமானால் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு கிடாய் தருவதாக மைனி பொருத்தனை செய்திருந்தாள். நிரந்தரமும் ஆனது. குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய்ப் பால்மணம் மாறாத குட்டி ஒன்றை வாங்கிவந்து, லைன் வீட்டு வாசலிலேயே கட்டி வளர்த்தாள். முட்டைக்கோசின் வெளி இலைகளை மார்க்கெட்டில் பொறுக்கிக் கழுவிப் போடுவாள். சாயங்காலம் தோட்டத்து வேன் தெருமுனையில் நிற்கும் சத்தம் கேட்டதும் அது கயிற்றை இழுத்துக்கொண்டு கத்த ஆரம்பிக்கும். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் முந்தானையைக் கடித்து இழுக்கும். ஆனால் பண்டிகை நாளன்று குளிப்பாட்டி, கழுத்தில் ரோஜாச் சரம் கட்டி, நடத்திக் கூட்டிவந்து ஆலயத்தில் ஒப்படைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கும் அன்றைக்கு ஒரு கிடாய் வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு என் மகளுக்குத் திடப்படுத்தல். பிஷப் வருகிறார், முதல் நற்கருணை எடுக்கிறாள், ஐம்பது பேருக்காவது பிரியாணி போட வேண்டும். இதில் என்ன தப்பு இருக்கிறது? பிள்ளையின் விசேஷத்துக்கு நல்ல கறி வேண்டுமென்று ஆசைப்படாத தாய் உண்டா? அன்று காலைப் பிரசங்கமும் பொருத்தமாக அமைந்தது: பிறத்தியாருக்குள்ளதை இச்சிக்கக் கூடாது என்கிற பத்தாவது கற்பனை. கட்டளையைத்தான் நாங்கள் கற்பனை என்போம். ஐயர் நிதானமாகப் பேசினார். "பசிச்சவன் சோத்துக்கு ஆசப்படுறது பாவமா? இல்ல. சீஷரோட ஒக்காந்து சாப்பிட ஆண்டவரே ஆசையா இருந்தாரே. அப்ப ஆசை எந்த எடத்துல பாவமாவுது? ஒவ்வொருத்தரும் யோசிங்க" என்று சொல்லி நிறுத்தினார். நான் யோசிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கிடாயைப் பார்த்து, எலும்பு போக எவ்வளவு கறி தேறும் என்று மனதுக்குள் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

கிடாய் ஏலத்துக்கு வந்தபோது நாலைந்து பேர் கேட்டார்கள். விலை ஏற ஏற ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நான்தான் கடைசி என்று நினைத்த நேரத்தில் பின்னாலிருந்து மைனியின் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் கிடாய் 'மே' என்று பதில் கொடுத்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. "கிடாயே ஏலம் கேக்குதுப்பா, எழுதிக்கலாமா?" என்றார் செகரட்டரி சார். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டது. போன வருஷம் தேன், இந்த வருஷம் இதுவா? கொடுத்தவளே திரும்ப எடுத்து ஊர்மெச்ச நிற்கப் பார்க்கிறாளா? நான் கூட்டினேன். அவள் கூட்டினாள். கிடாய் கத்தியது. மறுபடியும் கூட்டினேன். பையன்கள் விசிலடித்தார்கள், பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள், என் வீட்டுக்காரர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். அடேயப்பா, என்ன ஒரு குஷி. சந்தை விலையைத் தாண்டி இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

மைனி இன்னொரு தடவை கேட்டாள். இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது. "ஒருதரம்" என்றார் செகரட்டரி சார். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். எப்படி நிற்கிறாள், இன்னும் தெம்பு இருக்கிறதா என்று அளப்பதற்குத்தான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் கிடாய்மேல் இருந்தது. முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "ரெண்டோசாரி." சுத்தியல் மேலே நின்றது. அவள் உதடு துடித்தது. எனக்கு விளங்கிவிட்டது. அவள் யாரோடும் போட்டி போடவில்லை. அவளுக்கு அது உயிரோடு வேண்டும், அவ்வளவுதான். நானோ வெகுநேரமாக அந்த ஆட்டைப் பார்க்கவே இல்லை. அது வெள்ளையா செவலையா என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்து கூட்டிக் கேட்டேன். மைனி தலையைக் குனிந்துகொண்டாள். ஒருதரம், ரெண்டோசாரி, மூரனே சாரி. கைதட்டல் காதைக் கிழித்தது.

மினி ஆட்டோவில் ஏற்றிவந்து மொட்டைமாடியில் கட்டினோம். கீழ்வீட்டு ஓனரம்மா கன்னடத்தில் கத்தித் தீர்த்தார். கிடாய் இலை தழை எதையும் சரியாகத் தின்னவில்லை. தெருவில் எந்த வேன் நின்றாலும் கைப்பிடிச் சுவரோரம் ஓடி நின்று கத்தியது. சனிக்கிழமை மத்தியானம் வந்து அறுத்துத் தருவதாகக் கறிக்கடைக்காரர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்தான். வந்தவன் காப்பியைக்கூடத் தொடவில்லை.

"ஒங்க மைனி ஞாயித்துக்கெழமைலேருந்து ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கா. கேட்டா உபவாசம்ங்கா. தேவனுக்குக் குடுத்தத திரும்ப ஆசப்பட்டுட்டாளாம். அதான் ஆண்டவர் ஒன்னய வச்சு அவளத் தண்டிச்சிட்டாராம். தேவனுக்குன்னு நெலத்த வித்து பாதிய ஒளிச்சு வச்ச புருசன் பெஞ்சாதி செத்து விழுந்தாங்கல்லா, அந்தக் கதையவே சொல்லிச் சொல்லி அழுதா. நீ ஒரு வார்த்த வந்து சொல்லேன்" என்றான்.

நான் கிடாயைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல பேரும் கிடைக்கும். ஆனால் அதனால் அவளுக்கு என்ன ஆகும்? நான் பெருந்தன்மைக்காரி ஆவேன். அவள் பாவி ஆகவே இருந்து, என் தயவில் ஒரு கிடாயையும் வாங்கிக்கொள்வாள். என் ஆசையையும் அவள் ஆசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடையது கடைசிவரை ஒரு கிடாயின் மேலேயே இருந்த ஆசை. என்னுடையது பிரியாணியில் ஆரம்பித்து, நடுவழியில் கிடாயைத் தவறவிட்டு, அவள் தோற்க வேண்டும் என்பதில் போய் முடிந்தது. அதுகூடப் பரவாயில்லை, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ரெண்டோசாரிக்குப் பிறகு அப்படிச் சொல்லவும் வழியில்லை. இன்றைக்கு ஏலத்தில் போனிலேயே பணம் கட்டுகிறார்கள், என் மகள் பெங்களூரில் காலேஜ் படிக்கிறாள், எனக்கு இன்னும் கை பரபரக்கத்தான் செய்கிறது. ஐயர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த ஒரு மூச்சு நேரம்தான். அதைப் போய் மைனியிடம் சொல்ல அன்றைக்கு எனக்கு இருந்த பயம், வேலை போய்விடும் என்றிருந்த நாளில்கூட இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை கறிக்கடைக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். வீட்டுக்காரரிடம், பிரியாணிக்குக் கோழி வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே நான் கிடாயை நடத்திப் போகவில்லை. அதுதான் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் லைன் பிள்ளைகள், "அக்கா, எங்கக்கா ஓடுறீங்க?" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். மூச்சு வாங்க மைனி வீட்டு வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தவள் கிடாயைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வைத்து, சட்டென்று நின்றுவிட்டாள். அது முந்தானையைக் கடித்தபோது விடுவித்துக்கொண்டாள்.

"எதுக்குக் கொண்டாந்த பாப்பா? அது தேவனுக்குக் குடுத்தது. நான் ஆசப்பட்டதே தப்பு. திரும்பக் கூட்டிட்டுப் போயிடு."

"மைனி, நீங்க கிடாய உசுரோட வச்சுக்கத்தான் கேட்டீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நான் கூட்டிக் கேட்டேன்."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஏலத்தன்று பார்க்காததையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"எப்பத் தெரியும்? ரெண்டோசாரி சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சொன்னப்பவே வெளங்கிட்டு மைனி. அதுக்குப் பொறவுதான் கேட்டேன்."

 அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்ப அந்தத் தப்பு உன்னுது பாப்பா. என்னுது இல்ல."

உள்ளே போய், தட்டில் ராகிக் களியும் கீரையும் போட்டுக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை. கிடாய் அவளிடம் போக இழுத்துக்கொண்டே இருந்தது. தட்டைக் கவிழ்த்துவிடக் கூடாதே என்று கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் கடைசி வாய் உண்டு கை கழுவும்வரை நான் வெயிலில் நின்றேன்.