லமான்ட்டை வழியனுப்பிய கதை

லமான்ட் பெட்வே ஜோர்டான் தலைநகர் அம்மானுக்கு வந்து இறங்கியபோது அவனிடம் இரண்டு பெட்டியும் ஒன்றரை முழங்காலும்தான் இருந்தன. இடது முழங்காலில் பாதியை உருகுவேயில் ஏதோ ஒரு மைதானத்தில் விட்டுவிட்டு வந்திருந்தான். விமான நிலையத்தில் அவன் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பெயர் நிடால், கூடைப்பந்து கிளப்பின் துணைப் பயிற்சியாளன். ஆங்கிலம் தெரிந்த பாவத்துக்கு மொழிபெயர்ப்பவன், கார் ஓட்டுகிறவன், வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகிறவன் எல்லாமே நான்தான்.

"இந்தக் கிழவனத் தேடியா அமெரிக்கா வரைக்கும் போனீங்க?" என்று முதல் நாள் பயிற்சியில் எங்கள் கேப்டன் முஹன்னத் என் காதைக் கடித்தான். பத்து நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டான். லமான்ட் கார்டு. அதாவது பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறி, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிற ஆள். அவன் ஓடினான் என்று சொன்னால் பொய். நடந்தான். ஆனால் முஹன்னத் எந்தப் பக்கம் திரும்பினாலும் பந்து அங்கே வந்து சேர்ந்திருந்தது. அந்த வருஷம் முஹன்னத் போட்ட கூடைகளை அவன் மாமனாரே நம்பவில்லை. அதற்குப் பிறகு கிழவன் என்ற பேச்சே இல்லை, அண்ணன்தான்.

லமான்ட் அமெரிக்காவின் தெற்கே மொபைல் என்ற துறைமுக ஊர்க்காரன். அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். சொந்த நாட்டுப் பெரிய லீகில் இவனை யாரும் சீண்டவில்லை. அதனால் ஊர் ஊராகப் பிழைக்கப் புறப்பட்டான். ஐஸ்லாந்து, ஹங்கேரி, சைப்ரஸ், பிலிப்பைன்ஸ், கத்தார், உருகுவே. எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் அங்கே தன்னை எப்படி வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வான், அதுவும் நமக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்படி. ஐஸ்லாந்தில் குளித்துக்கொண்டிருந்தபோது போனில் சொன்னார்களாம். ஹங்கேரியில் வீட்டுப் பூட்டையே மாற்றிவிட்டார்களாம். மணிலாவில் பயிற்சிக்குப் போனால், இவனுடைய எண் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு வேறொருவன் ஓடிக்கொண்டிருந்தானாம்.

"அவனுக்கு அது எடுப்பா இருந்துச்சுப்பா. அதான் எனக்குக் கடுப்பு" என்பான்.

இப்படி வாழ்ந்தவன் துணிமணியை அலமாரியில் வைப்பானா? எங்கள் ஊருக்கு வந்தும் ஆறு மாதம் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்திக்கொண்டிருந்தான். கீழ்வீட்டு உம்மு நாஜி ஒருநாள் மக்லூபா சோறு கொண்டுபோனவர் அதைப் பார்த்துவிட்டார். "இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் எடுத்து மாட்டிவிட்டுத்தான் இறங்கினார். இவனுக்கு நியா என்று ஒரு மகள் இருப்பது தெரிந்ததும் தெருவே அவனை அபூ நியா என்று கூப்பிட ஆரம்பித்தது. நியாவின் அப்பா. முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது, என் மகளை இவங்களுக்கு எப்படித் தெரியும் என்று பயந்துபோய் என்னிடம் கேட்டான்.

நான் அவனைக் கேலி செய்வேனே தவிர, அவனுக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. என் தகப்பனார் இறந்தபோது துக்கம் விசாரிக்கப் போட்ட பந்தலில் மூன்று நாளும் வாசலில் நின்றான். பாஷை தெரியாது, சடங்கு தெரியாது. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். என் கூடப் பிறந்தவர்களே அப்படி நின்றார்களா என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் வருஷம் அரையிறுதியில் அவன் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. இறுதிச் சுற்றுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கிளப்புக்கு இரண்டு வெளிநாட்டுக்காரர்கள்தான் என்பது விதி. இவனைக் கழற்றிவிட்டு ட்ரெவான் என்ற இருபத்து மூன்று வயதுப் பையனை எடுப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. ட்ரெவான் விமானம் ஏறியும்விட்டான். லமான்ட் இத்தனை நாட்டில் ஆடியும் ஒரு தடவைகூட இறுதிச் சுற்றில் ஆடியதில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கிளப் தலைவர் அபூ ராக்கான் என்னைக் கூப்பிட்டார். கைத்தடியும் மீசையுமாக, பழைய காலத்து மனிதர். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் அவன வீட்டுக்குக் கூட்டிட்டு வா. மூணு வருஷம் நம்ம உப்பைத் தின்னவன். இதெல்லாம் போன்ல சொல்ற சமாச்சாரம் இல்ல" என்றார்.

அதே வெள்ளிக்கிழமை காலையில் லமான்ட்டின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். சூடாக எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். கூட்டிப்போனவன் நான்தானே, எனக்குத் தெரியும். அபூ ராக்கான் வீட்டுக்கூடத்தில் அவருடைய பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னக் கிண்ணத்தில் காப்பி வந்தது. லமான்ட் மரியாதையாக வாங்கி, ஆறட்டும் என்று முன்னால் வைத்துவிட்டான்.

கூடத்தில் எல்லார் கண்ணும் அந்தக் கிண்ணத்துக்குப் போனது. எங்கள் பக்கம் விருந்தாளி காப்பியைத் தொடாமல் கீழே வைத்தால் அவருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். பெண் கேட்டு வருகிறவர்கள் வைப்பார்கள். பகையைத் தீர்க்க வருகிறவர்கள் வைப்பார்கள். வீட்டுக்காரர் சரி என்று சொன்ன பிறகுதான் எடுப்பார்கள். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டுக்கே தலைகுனிவு. மூன்று வருஷத்தில் இதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பல் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அபூ ராக்கான் நிமிர்ந்து உட்கார்ந்து, "கேளுய்யா, அபூ நியா. என்ன வேணும்?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கடவுளாகப் பார்த்துத் திறந்த கதவை நான் ஏன் சாத்தவேண்டும்?

அவன் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் விஷயத்தைக் கொட்டினேன். "இந்தக் காப்பிய வச்சுட்டு நீ எதக் கேட்டாலும் இவரால முடியாதுன்னு சொல்ல முடியாது. சொந்தக்காரங்க அத்தனை பேரும் பாத்துட்டிருக்காங்க. உன் இடத்தக் கேளு."

"என்னைத் தூக்கிட்டாங்களா?"

"தூக்கிட்டாங்க."

அவன் தலையாட்டினான். "வீட்டுக்குக் கூப்பிட்டப்பவே நெனச்சேன். சரி, நான் இருந்தா, வர்ற பையன் என்ன ஆவான்?"

"நாளைக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. உனக்கென்ன வந்துச்சு?"

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். வீங்கிய கன்னத்தோடு அவன் யோசித்தது, பெரிய ராஜதந்திரி யோசிப்பதுபோல் இருந்தது.

"இவர்கிட்டச் சொல்லு" என்றான் கடைசியில். "நான் போற எல்லா ஊர்லயும் அட்டையில என் பேரெழுதிக் கூட்டிட்டுப் போக யாராவது வந்துடுவாங்க. திரும்பிப் போறப்ப ஒருத்தர் வந்ததில்ல. டாக்ஸி பிடிச்சு நானா போவேன். அந்தப் பையன் ஆடட்டும். நான் போறப்ப யாராவது என்னை வழியனுப்ப வரணும். அது போதும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அடப்பாவி, கழுதை, வேற கேளுடா" என்று பல்லைக் கடித்தேன். அவன் அசையவில்லை. சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தேன்.

அபூ ராக்கான் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "நாளைக்கு இவன் போறான்னா எவன் வழியனுப்ப வருவான்? பசங்களுக்குப் பயிற்சி இருக்கு. அதனால இறுதிச் சுற்று முடியுறவரைக்கும் இவன் என் வீட்டு விருந்தாளி. முடிஞ்ச மறுநாள் அத்தனை பேரும் போய் முறையா அனுப்பி வைப்போம். வாக்குக் கொடுத்துட்டேன். காப்பியக் குடிக்கச் சொல்லு."

ஆறிப்போன காப்பியை லமான்ட் ஒரே மடக்கில் குடித்தான்.

இறுதிச் சுற்று முழுவதும் எங்கள் பெஞ்சுக்குப் பின்வரிசையில் சாதாரணச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். ட்ரெவான் நல்ல பையன். திணறும்போதெல்லாம் திரும்பி லமான்ட்டைப் பார்ப்பான், லமான்ட் விரலால் ஏதோ காட்டுவான், இவன் சமாளித்துக்கொள்வான். அவர்களும் நாங்களும் மாறி மாறி ஜெயித்து, சுற்றின் கடைசி ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனோம். கடைசி நொடியில் முஹன்னத் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. ஒரே புள்ளியில் தோற்றோம்.

எங்கள் ஊரில் இறுதி ஆட்டத்தில் தோற்றவன் மறுநாள் ரொட்டி வாங்கக்கூட வெளியே வரமாட்டான். காலையிலிருந்து யாருக்குப் போன் போட்டாலும் எடுக்கவில்லை. முஹன்னத் போனையே அணைத்துவிட்டான். அபூ ராக்கான் வீட்டில், அவர் விடியும்போதே கிளம்பிப் போய்விட்டார் என்றார்கள். பிற்பகல் விமானத்துக்கு நானும் லமான்ட்டும் மட்டும் போனோம். விமான நிலைய வாசலில் எங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வெட்கத்தில் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ வந்திருக்கியே, நிடால்" என்றான். "இதுவே எனக்குப் புதுசு."

பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஹார்ன் சத்தம் கேட்டது. எங்கள் டீம் பஸ். வழியில் பேட்டரி செத்துப்போய், தோற்ற டீம் மொத்தமும் இறங்கித் தள்ளியிருக்கிறது. முதலில் அபூ ராக்கான் இறங்கினார், சட்டையெல்லாம் கிரீஸ். காலையிலிருந்து வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ஒவ்வொருவனாக இழுத்து வந்திருக்கிறார். பின்னால் அழுது வீங்கிய கண்ணோடு முஹன்னத், ஆலிவ் ஊறுகாய் ஜாடியோடு உம்மு நாஜி, ட்ரெவான், ரசிகர்கள், ஒரு மேளம்.

"இதுல யாருய்யா பயணி?" என்று வாசல் காவலர் கத்தினார்.

எல்லாரும் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். முஹன்னத் விடவே மாட்டேன் என்றான். அப்புறம் லமான்ட் பெட்டிகளை உருட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே, சோதனை வரிசைக்குப் போனான். தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போனான். கையசைக்கத் தூக்கிய எங்கள் கைகள் அப்படியே நின்றன.

"என்ன, இவன் பாட்டுக்குப் போறான்?" என்றான் முஹன்னத்.

எனக்குப் புரிந்தது. வழியனுப்ப ஆள் இருந்தால் போகிறவன் என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரியாது.

அபூ ராக்கான் கைத்தடியால் கண்ணாடியைத் தட்டினார். "அபூ நியா, திரும்பிப் பாருய்யா. வேற எதுக்கு வந்திருக்கோம்?"

அவன் திரும்பினான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். நேரமாகிறது, போ போ என்று கடைசியில் நாங்கள்தான் கையைக் காட்டி அவனை விரட்டவேண்டியிருந்தது.