பெரிய வெள்ளியன்று பெரியம்மாவுக்கு வந்த கால்வலி

எங்கள் விருத்தாசலத்து மாதா கோவிலில், மகனை இழந்த துக்கத்தில் நிற்கும் வியாகுல மாதா சுரூபம் வருடம் முழுக்க ஓரமாகத்தான் நிற்கும். பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் கருநீலப் புடவை உடுத்தி, நெஞ்சில் ஏழு வாளோடு சப்பரத்தில் ஏறித் தெருவுக்கு வரும். தூக்குவது நான்கு பெண்கள். அந்த நால்வரில் ஒருத்தியாவதற்கு என் பெரியம்மா எட்டு வருடம் காத்திருந்தாள். ஒரு ரயில்வேக்காரர் மனைவி மாற்றலாகி ஊரைவிட்டுப் போனதில் அந்த வருடம் இடம் கிடைத்தது. எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தேன்.

பெரியம்மாவுக்குப் பீங்கான் கம்பெனியில் கப்புகளுக்குக் காது ஒட்டுகிற வேலை. பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுகிறவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவள் இந்து மதம். முந்தைய ஐப்பசியில் மணிமுத்தாற்று வெள்ளத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்தவள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் பெரியம்மாவோடு கோவிலுக்கு வந்து மாதா முன்னால் நிற்பாள். ஜெபம் ஒன்றும் தெரியாது, சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டாள்:

"இந்தம்மாவ ஒரு தடவ நானும் தூக்கட்டுமாக்கா?"

பெரியம்மா, கோவில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் போய்க் கேட்டாள். "ஞானஸ்நானம் வாங்காதவங்க எப்படிம்மா தூக்குறது?" என்று அவர் முடித்துவிட்டார். பெரியம்மாவும் "சரிங்க" என்று வந்துவிட்டாள்.

பெரிய வெள்ளி சாயங்காலம் சப்பரம் தோளில் ஏறி, வாசல் தாண்டிப் பத்தடி போயிருக்கும்.

"ஐயோ, காலு பெசகிக்கிச்சே!"

கத்தியது பெரியம்மா. சப்பரம் லேசாகச் சாய்ந்தது. கூட்டம் "மாதாவே!" என்று அலறியது. கூடவே நடந்துவந்த அத்தையை இழுத்து, "தோள் குடுடி" என்று தன் இடத்தில் நுழைத்துவிட்டுப் பெரியம்மா வெளியே வந்தாள்.

உபதேசியார் ஓடிவந்தார். "எறக்குங்க, எறக்குங்க. வேற ஆளு வரட்டும்."

"பொறப்பட்ட மாதாவ நடுத்தெருவுல எறக்குவீங்களா? நீங்களே சொல்லுங்க," என்றாள் பெரியம்மா.

அவர் ஒதுங்கி வழிவிட்டார். சப்பரம் நகர்ந்தது.

பெரியம்மா பின்னால் நொண்டிக்கொண்டு வந்தாள். கடைத்தெரு வரைக்கும் வலது கால். திரும்பும்போது இடது கால். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரிய வெள்ளியன்று பொய்! அதுவும் மாதாவுக்கு முன்னால்!

கோவிலுக்குத் திரும்பிச் சப்பரத்தை இறக்கிய பிறகும் அத்தை கட்டையை விடவில்லை. மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மற்ற மூன்று பெண்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். உபதேசியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அதை எப்படி நீட்டுவதென்று தெரியாமல் நின்றார். அடுத்த வருடத்திலிருந்து அத்தையே தூக்கினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு வருடம் காத்திருந்த பெரியம்மா தூக்கியது அந்தப் பத்தடிதான்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு மறுநாள் நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பெரியம்மா சொன்ன பொய்யை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எந்தக் காலு வலின்னாங்க?" சாமியார் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"ரெண்டுங்க சாமி. மாத்தி மாத்தி."

திரைக்கு அந்தப் பக்கம் இருமுவதுபோல ஏதோ கேட்டது.

"நீ வூட்டுக்குப் போயி, பெரியம்மாவோட ரெண்டு காலுக்கும் நல்லா எண்ணெ தேச்சு வுடு. அதான் உனக்கு அபராதம்."

தேய்த்தேன். பெரியம்மா காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பொய் சொன்னவளுக்கு எண்ணெய், உண்மை சொன்னவளுக்குத் தண்டனை. நான் சொன்னது சாமியாருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கோபம் தீர அழுத்தித் தேய்த்தேன்.